பழைய ஊட்டை மறக்காத சைக்கிள்

பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் செல்லமுத்து அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். வலது முட்டி மடங்க மறுத்ததால் அந்தக் காலை மட்டும் களத்து மண்ணில் நீட்டி வைத்துக்கொண்டார். விற்ற பொருளை ஒருமுறை முடுக்கித் தரப்போகிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று நான் பூரித்து நின்றேன்.

அவர் செயினைக் கழற்றினார்.

கழற்றியதைத் துண்டால் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரிங் டீச்சர், கொண்டு போங்க" என்றார்.

"செயினைக் குடுங்கண்ணே."

"கயிறு குடுக்கற பழக்கம் எங்கூட்ல இல்லீங்."

அந்தப் பக்கத்து விவசாயிகள் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே இருக்கும். கயிறும் போய்விட்டால் மாட்டோடு சேர்ந்து வீட்டு லட்சுமியும் நடந்துவிடும் என்பது நம்பிக்கை. இதெல்லாம் எனக்கும் தெரியும். சைக்கிளுக்குக் கயிறு எது என்பதுதான் அன்றுவரை தெரியாது.

"அண்ணே, இது மாடு இல்ல, சைக்கிளு."

"அதானுங் வெனை. மாடா இருந்தா நீங்களே கயிறு கொண்டாந்திருப்பீங்க. சைக்கிள்னு நெனச்சு வெறுங்கையோட வந்துட்டீங்க."

அவர் மனைவி பொன்னாத்தா அக்கா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத அம்மிணி. இந்த வண்டி வந்த பொறவுதான் எங்க கெணத்துல ஊத்துக்கண்ணு தொறந்துச்சு. செயினு எங்கூட்லயே இருக்கட்டும்."

கிணற்றையே நடுவில் இழுத்துவிட்டால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்ன பேச முடியும்? செயின் இல்லாத சைக்கிளை நல்லேப்பிள்ளி வரை தள்ளிக்கொண்டே போனேன். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் பஞ்சரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரிவில் பிறந்தவள்

எனக்கு எதற்கு சைக்கிள் என்று நீங்களும் கேட்பீர்கள். அன்றைக்கு ஊரே கேட்டது.

நான் ஆனைக்கரைக்காரி. அப்பாவுக்கு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. எங்கள் ஊரில் ஒரு பந்தைத் தரையில் வைத்தால் அது உருண்டு தமிழ்நாட்டுக்குப் போய்விடும். அங்கே பிறந்த யாரும் சைக்கிளுக்கு ஆசைப்படுவதில்லை. டீச்சர் டிரெயினிங்குக்குப் பாலக்காடு வந்தபோதுதான் சமதரை என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் பெண்கள் நாலு பேர் சேர்ந்து வாடகை சைக்கிள் எடுத்து, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவோம். மிதிக்காமலே வண்டி கொஞ்ச தூரம் தானாகப் போகும் பாருங்கள், அந்த இடத்தில் என் வாயில் பாட்டு வந்துவிடும். சர்ச்சில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பிரசவ லீவில் போன டீச்சர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று பள்ளிக்கூட மேனேஜர் அந்த வருஷம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் பள்ளிக்கூடம் யாருடையதோ அவர்தான் மேனேஜர். எங்கள் மேனேஜருக்கு நெல்வயல் நிறைய, மாடுகள் அதைவிட நிறைய.

அப்பா மாதம் ஒரு கடிதம் போடுவார். வேலை நிலைக்காவிட்டால் வந்து சேர், பக்கத்து எஸ்டேட் ஸ்டோர் கிளார்க்கைப் பேசி வைத்திருக்கிறேன் என்று எழுதுவார். அந்த ஸ்டோர் கிளார்க் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சரிவின் மேல்தான் கோபம். திரும்பிப் போனால் வாழ்நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதும்தான்.

அதனால்தான், இருக்கிற நாளில் ஓட்டிவிடலாம் என்று சைக்கிள் தேடினேன். ஆனால் என் அறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐம்பது அடி. யாரும் நம்பவில்லை.

"எந்தினா டீச்சரே சைக்கிள்?" என்றார் ஹெட்மாஸ்டர். ஒற்றப்பாலத்துக்காரர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இருந்தும் தமிழைத் தூரத்தில் வைத்தே பழகியவர்.

"சும்மா ஓட்டத்தான் சார்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.

மூன்று துண்டுகளுக்குள் ஒரு வியாபாரம்

செல்லமுத்து அண்ணனுடையது பெண்கள் ஓட்டும் சைக்கிள். மலையை விட்டுப் போன ஏதோ துரைசானியிடமிருந்து கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லாததால் வேட்டியோடு ஏற வசதி, புல்லுக்கட்டு வைக்கவும் வசதி என்று வெட்கமில்லாமல் பல வருஷம் ஓட்டினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்டை ஹேண்டிலுக்கும் அடித்துவிடுவார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. முட்டி பழுதான பிறகுதான் விற்கத் துணிந்தார்.

அவருக்கு மாட்டு வியாபாரம்தான் தெரியும். தரகர் வேண்டும் என்றார். மயில்சாமி என்ற மாட்டுத் தரகர் வந்தார். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதுதான் முறை. இதில் ஒரு சிக்கல். ஒரு டீச்சரின் விரலை மயில்சாமி எப்படிப் பிடிப்பார்? யோசித்துவிட்டுப் போய் மனைவியைக் கூட்டி வந்தார்.

ஒரு துண்டுக்குள் செல்லமுத்து அண்ணனின் கையும் மயில்சாமியின் இடது கையும். இன்னொரு துண்டுக்குள் மயில்சாமியின் வலது கையும் அவர் மனைவியின் கையும். மூன்றாவது துண்டுக்குள் அந்த அம்மாளின் கையும் என் கையும். நாலு பேரும் வரிசையாக முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றோம்.

அந்த அம்மாளுக்கு விரல் பாஷை தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் என் விரலை அன்பாக ஒரு அமுக்கு அமுக்கினாள். நான் மரியாதைக்குத் திருப்பி அமுக்கினேன். அது சம்மதம் என்று மயில்சாமி அந்தப் பக்கம் சொல்லிவிட்டார். நான் மரியாதையை விடாததால் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கை வியர்த்து நானே உருவிக்கொண்டேன். அதுவும் சம்மதத்தில்தான் சேர்ந்தது.

பிறகு வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, ஹேண்டிலுக்கு மஞ்சள் தடவி, "கட்டுத்தரை எங்கீங்? மழை படாதுங்ளா?" என்று செல்லமுத்து அண்ணன் என்னை விசாரணை செய்தார். அறை ஜன்னலுக்குக் கீழே என்றேன். ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் செயின் கழன்ற கதை.

வலிக்கும் என்றார் குட்டன் சேட்டன்

சைக்கிள் கடை குட்டன் சேட்டனுக்கு வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. செயினை யார் கழற்றினது என்று கேட்டார். சொன்னேன். கடையை விட்டு வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் வேலை நடந்தது. புதுச் செயின் போட்டார். பிரேக் கட்டைகள் தேய்ந்து தகடாகியிருந்தன, மாற்றினார். பின்சக்கரத்தின் கோட்டம் எடுத்தார். சீட்டைப் பிரித்தபோது உள்ளே வைக்கோல் அடைத்திருந்தது. துருவை மண்ணெண்ணெய் போட்டு நானே தேய்த்தேன். பச்சையும் சிவப்பும் போகவில்லை. மாட்டுக் கொம்புப் பெயின்டின் தரத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பக்க ஃபோர்க் வளைந்திருந்தது. இப்போதைக்கு வேறு இல்லை, கிடைக்கும்போது மாற்றலாம் என்றவர், என்மேல் உள்ள மரியாதையால் தமிழில் ஓர் எச்சரிக்கையும் செய்தார். "டீச்சர், எடது பக்கம் நல்லா வலிக்கும். சூச்சிச்சுப் போங்க."

மலையாளம் எனக்குத் தெரியும். அவர் மலையாளத்தில் சொல்லியிருந்தால், வண்டி இடது பக்கம் இழுக்கும், பார்த்துப் போங்கள் என்று சரியாகப் புரிந்திருக்கும். தமிழில் சொன்னதால் தமிழாகவே புரிந்துகொண்டேன். பழக்கமில்லாமல் ஓட்டினால் வலி வரத்தானே செய்யும்? அறைக்குப் போய் இடது தோளிலும் இடது தொடையிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, வாசனையாக வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டினால் மூணு முக்கு. நேராகப் போனால் சித்தூர் ரோடு. இடது பக்கம் மண்பாதை, நல்ல இறக்கம். ஹேண்டில் என் இரண்டு கையையும் மீறி இடது பக்கம் திரும்பியது. கிழக்கேயிருந்து வரும் கணவாய்க் காற்று வேறு முதுகில் கை வைத்துத் தள்ளியது. பிரேக் பிடித்தால் சேலையோடு விழுவேன் என்ற பயத்தில் பிடிக்கவே இல்லை. பாதை எங்கே முடிகிறது என்று வண்டி நிற்கும்போதுதான் தெரிந்தது.

செல்லமுத்து அண்ணன் களத்தில்.

"புள்ள, வெளிய வா! வந்துருச்சு பாரு!" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கத்திய கத்தலில் கட்டுத்தரையில் எருமைகள் எழுந்து நின்றன.

"ஃபோர்க்கு வளைஞ்சிருக்குண்ணே. அதான் இந்தப் பக்கமே இழுக்குது" என்றேன், மூச்சு வாங்க.

"ஆமாமுங், ஆமாமுங்" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே அவர் சீட்டைத் தடவிக் கொடுத்தார். பொன்னாத்தா அக்கா எனக்கு மோர் கொடுத்தாள். சக்கரத்துக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாளும் அப்படியே ஆனது. அதற்கு மறுநாளும். சொல்ல வெட்கம்தான், இரண்டு வாரம் அப்படியே.

காரணம் காணிக்கல்

ஒரு புதன்கிழமை ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு தாளை நீட்டினார். 'காரணம் காணிக்கல்' நோட்டீஸ். அதாவது, உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் காட்டு என்பது. தினமும் சாயங்காலம் செல்லமுத்து வீட்டுக்குப் போய், விதிக்கு மாறாக நான் டியூஷன் எடுக்கிறேனாம். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.

செல்லமுத்து அண்ணனுக்குப் பிள்ளைகளே கிடையாது. அந்த வீட்டில் படிக்கிற வயதில் இருந்தவை இரண்டு எருமைக் கன்றுகள்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மேனேஜரின் கொழுந்தியாள் மகள் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று ஹெட்மாஸ்டரே தணிந்த குரலில் சொன்னார். புகார் ஒரு சாக்கு. ஆனைக்கரைச் சரிவு என் கண் முன்னால் செங்குத்தாக நின்றது.

விசாரணை மேனேஜர் வீட்டு முற்றத்தில் நடந்தது. செல்லமுத்து அண்ணனும் சாட்சிக்கு வந்திருந்தார்.

"எதுக்கு டீச்சர் சைக்கிள் ஓட்டறீங்க?" என்றார் மேனேஜர்.

"சும்மாதாங்க."

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். "சும்மா என்னு எழுதான் பற்றில்லா டீச்சரே. ஒரு காரணம் வேணம்." சும்மா என்பதை எழுத முடியாதாம்.

காரணம் இல்லாததுதான் காரணம் என்று எந்த மொழியில் சொன்னாலும் அந்த முற்றத்தில் செல்லாது. அப்போது செல்லமுத்து அண்ணன் எழுந்தார்.

"டீச்சர் மேல தப்பில்லீங். அவங்க எங்கூட்டுக்கு வர்றதில்லை. வண்டிதானுங் வருது."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் அவர் முகத்தில் இல்லாத உயிர் வந்தது. "வித்து எத்தனை நாளாச்சு?"

"மாசம் ஒண்ணாச்சுங்."

"கயிறு குடுத்தியா?"

"செயினக் கழட்டி வெச்சுக்கிட்டனுங்."

"மேக்க பாத்து நிறுத்திக் குடுத்தியோ?"

"கெழக்கதானுங். மஞ்ச தடவித்தான் குடுத்தேன்."

"அப்படியுமா வருது?" மேனேஜர் தாடையைத் தடவினார். நான் ஃபோர்க்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஹெட்மாஸ்டர் என் பக்கம் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். இருபது வருஷ அனுபவம் அந்த ஆட்டலில் இருந்தது. நான் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வண்டியை டீச்சரே தினமும் சாயங்காலம் வெளியே கொண்டுபோக வேண்டும். மூணு முக்கைத் தவிர வேறு எந்தத் திசையிலும் போகலாம். செல்லமுத்து அதன் கண்ணில் படக்கூடாது. மண்டலம் முடிந்த அன்று முக்கில் விட்டுப் பார்ப்பது. நேராகப் போனால் பழைய வீட்டை மறந்தது என்று அர்த்தம். அதோடு விசாரணையும் முடியும், டீச்சர் விஷயமும் முடிவாகும்.

ஹெட்மாஸ்டர் இதையெல்லாம் நல்ல மலையாளத்தில் எழுதி முத்திரை வைத்தார்.

நாற்பத்தெட்டு சாயங்காலம்

உத்தரவின் பேரில் ஊர் சுற்றிய ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன். எலப்புள்ளிப் பக்கம் போனேன். வாய்க்கால் கரையோடு போனேன். பனைமரங்களுக்கு நடுவே ரோடு நேராகக் கிடக்கும். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாகப் போகும், புதுச் செயின் மட்டும் மெதுவாகச் சத்தம் போடும். வாய்விட்டுப் பாடினேன். வயலில் நின்றவர்கள் தப்பாக நினைக்கவில்லை. வண்டியைப் பழக்குகிறேன் என்று ஊருக்கே தெரியும். "இன்னிக்கு எந்தத் தெசைங் டீச்சர்?" என்று கேட்டு, நான் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள்.

முப்பதாம் நாள் வாக்கில் குட்டன் சேட்டனுக்கு வேறு ஃபோர்க் கிடைத்தது. மாட்டினார். வண்டி அம்பு மாதிரி நேராகப் போனது. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

சந்தோஷப்பட வேண்டிய நான் அன்றிலிருந்து தூங்கவில்லை. வண்டி நேராகப் போகும், விசாரணை முடியும், கொழுந்தியாள் மகள் வருவாள். அப்பா கடிதத்தில் சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிப்பது பற்றி எழுதியிருந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் மூணு முக்கில் கூட்டம். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் கையில் ஃபைல். தரகர் மயில்சாமி, நிபுணர் என்ற முறையில், அழைக்காமலே வந்திருந்தார். நான் ஏறி மிதித்தேன்.

முக்கு நெருங்கியபோது, மண்பாதை ஓரம் பால் சொசைட்டி சுவருக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது. செல்லமுத்து அண்ணன். கண்ணில் படக்கூடாது என்ற உத்தரவுக்கு முக்கால்வாசி கட்டுப்பட்டு, ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடங்காத காலைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டதை மறந்துவிட்டார். நாற்பத்தெட்டு நாளாக அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இந்தப் பத்திரிகையில் சொல்கிறேன். அன்று வண்டி திரும்பவில்லை. நான்தான் திருப்பினேன்.

பின்னால் பெரிய சத்தம். இறக்கத்தில் விட்ட வண்டி களத்தில் போய்த்தான் நின்றது. முட்டியை இழுத்துக்கொண்டு செல்லமுத்து அண்ணன் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டம் வந்தது.

மேனேஜர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒரு மண்டலத்துல அடங்கற சாதியில்லை இது" என்றார். "எச்.எம். சார், இன்னொரு மண்டலம் எழுதுங்க."

ஹெட்மாஸ்டர் இருமினார். "டீச்சரின்டெ போஸ்ட்?"

"நல்லாக் கேட்டீங்க. பாதி பழகுன வண்டிய உட்டுப்போட்டு டீச்சர் மலையேறிப் போயிட்டா, நாளைக்கு அதை ஆரு கட்டி மேய்க்கறது? ஏனுங் சார், நம்ம கொழுந்தியா புள்ளைக்கு சைக்கிள் தெரியுமா?"

"அறியில்லா."

"பொறவென்ன. டீச்சருக்குப் பர்மனன்ட்டுக்கு எழுதுங்க."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அழுதேன். டீச்சருக்கு வண்டி மேல் எவ்வளவு வருத்தம் என்று கூட்டம் இரக்கப்பட்டது. மேனேஜர் நாற்காலியைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒவ்வொருவராகப் போனார்கள்.

செல்லமுத்து அண்ணன் துண்டால் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, குரலைத் தணித்து, "முக்குல கைய இன்னும் கொஞ்சம் மெதுவாத் திருப்பியிருக்கலாமுங் டீச்சர்" என்றார். "நெம்ப வெடுக்குன்னு திருப்பீட்டீங்க. நல்லவேளை, எல்லாரும் வண்டியவே பாத்துட்டிருந்தாங்க."

பொன்னாத்தா அக்கா மோர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன்.